ஆணவமும் தன்மதிப்பும்

பெண்களின் தன்முன்னேற்றத்திற்கென எழுதப்படும் நூல்களும் இதழ்களும் தமிழில் ஒரு தனி வகையாகவே நிலைபெற்றுவிட்ட இன்றைய சூழலில், அவற்றின் நடைமுறைப் பயனைப் பேசுவோர் பலராக இருக்க, அவை எழுப்பும் சமயத் தத்துவச் சிக்கலை எடுத்துப் பேசுவோர் மிகச் சிலராகவே உள்ளனர். சைவமும் வைணவமும் வேதாந்தமும் 'நான்', 'எனது' என்னும் எண்ணங்கள் அற்றுப்போவதையே உயிரின் உய்வுக்கு வழியாகக் கூறிவர, தன்முன்னேற்ற நூல்களோ தன்னை அறிந்து, தன்னை மதித்து, தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லி, தன்னை வளர்த்துக்கொள்ளுமாறு வாசகியை வற்புறுத்துகின்றன. பூசையறைத் தோத்திர நூலையும் தன்னம்பிக்கை நூலையும் ஒரே பெண் ஒரே நாளில் படிக்கும்போது, அவள் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு அறிவுரைகளைச் சுமக்கிறாளா, அல்லது அவ்விரண்டுக்கும் அடியில் ஒரு பொருத்தம் உண்டா என்பது ஆராயத்தக்க கேள்வி. செங்கல்பட்டுச் சீமையின் வரலாறும் மாமல்லபுரத்தின் சிற்பமும் இக்கேள்விக்கு அளிக்கும் சான்றுகள், வேறெங்கும் எளிதில் ஒருங்கே கிடைக்காதவை.

தன்முன்னேற்றம் என்னும் எழுத்துவகைக்கு மேலைநாட்டில் பெயரளித்த நூல் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்'. உழைப்பாலும் விடாமுயற்சியாலும் உயர்ந்த பொறியாளர், கைவினைஞர், அறிஞர் ஆகியோரின் வாழ்க்கையை எடுத்துக்காட்டும் அந்நூலில் வருவோர் பெரும்பாலும் ஆண்களே. தமிழில் அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 1869-இல், மாயூரம் வேதநாயகம் பிள்ளை 'பெண்மதி மாலை'யை வெளியிட்டுப் பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று வாதிட்டபோதும், அக்கல்வியின் பயனை நல்ல மனைவியாகவும் நல்ல தாயாகவும் விளங்குவதிலேயே பெரிதும் கண்டார். 1905-இல் பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்ற 'சக்கரவர்த்தினி' போன்ற மாதர் இதழ்கள் அடுத்த அடியை எடுத்துவைத்தன. ஆனால் அறிவுரை பெறுபவளாக இருந்த பெண், தானே எழுதித் தானே பதிப்பிப்பவளாக மாறிய வரலாற்றுக்குச் சிறந்த சான்று, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த நீர்வளூரில் 1901-இல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்க்கையே. ஐந்து வயது கடந்த நிலையில் திருமணம் செய்விக்கப்பட்டு, பள்ளிக்கல்வி ஏதுமின்றி வளர்ந்த அவர், தாம் கற்பனை செய்த முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைத் தம் தோழியிடம் சொல்லி எழுதச்செய்து வெளியிட்டார். அடுத்து 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, 115 நாவல்களை எழுதி, விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்றார். இவ்வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் 'நான்' வளர்ந்தது, எந்தக் கட்டத்தில் 'நான்' கரைந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. சிறைக்குச் சென்ற தியாகமும் இதழை நடத்திய துணிவும் ஒரே ஆளுமையிலிருந்தே பிறந்தன.

'நான்' அழிய வேண்டும் என்னும் உபதேசத்தை ஆராயும்போது, அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். அரசர்க்கும், செல்வர்க்கும், புலமைச் செருக்குடையோர்க்கும், துறவு பூணக்கூடிய உரிமை பெற்றிருந்த ஆடவர்க்கும் அது பெருமருந்தாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தன் பசியைக்கூடப் பிறர் உண்ட பிறகே நினைத்துப் பார்க்கப் பழக்கப்பட்ட ஒருத்திக்கு அதே மருந்தை அதே அளவில் கொடுப்பது தகுமா? அமெரிக்க இறையியல் அறிஞர் வேலரி செய்விங் 1960-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் கிறித்தவ மரபை நோக்கி இக்கேள்வியை எழுப்பினார். பாவத்தின் வேரைச் செருக்கு என்றும், மீட்பைத் தன்னலமற்ற அன்பு என்றும் இறையியலாளர் வகுத்தது ஆணின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது என்றும், பெண்ணைப் பொறுத்தவரை அவளை வீழ்த்தும் சோதனை பெரும்பாலும் செருக்கிலன்றித் தனக்கென ஒரு மையமே இல்லாமல் பிறருக்குள் கரைந்துபோவதில்தான் இருக்கிறது என்றும் அவர் வாதிட்டார். பிற்காலப் பெண்ணிய இறையியல் பலவும் அக்கட்டுரையைத் தொடக்கமாகக் கொண்டன. ஆயினும் தமிழ் வாசகிக்கு அத்தனை தொலைவு செல்ல வேண்டிய தேவையில்லை. சைவ சித்தாந்தம் ஆணவத்திற்குக் கூறும் இலக்கணத்திலேயே விடை பொதிந்துள்ளது.

சைவ சித்தாந்தம் என்பது இறை, உயிர், தளை ஆகிய மூன்றையும் என்றும் உள்ள பொருள்களாகக் கொண்டு, அவற்றைப் பதி, பசு, பாசம் என்று பெயரிட்டு ஆராயும் தமிழ்ச் சைவத்தின் தத்துவ நெறி. பாசம் என்பது உயிரைக் கட்டியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள். இவற்றுள் ஆணவத்தைப் பேச்சுவழக்கில் திமிர், செருக்கு என்ற பொருளில் மட்டும் ஆள்கிறோம். சாத்திரம் அதற்குக் கூறும் பொருளோ இதைவிட ஆழமானது. உயிருக்கு இயல்பாகவே அறிவு, விழைவு, செயல் என்னும் மூன்று ஆற்றல்கள் உண்டு. அவை ஞானம், இச்சை, கிரியை எனப்படும். இம்மூன்றையும் மறைத்து, உயிரைத் தன்னையும் அறியாமல், எதையும் விரும்பாமல், எதையும் செய்யாமல் கிடக்கச் செய்யும் இருளே ஆணவம். அந்த முழு மறைப்பு நிலையைக் கேவலம் என்பர். 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரம் 'இருள்மல நிலை' என்றே பெயர்பெற்று, இந்த இருளின் தன்மையைப் பத்துக் குறட்பாக்களில் விரிக்கிறது. உலகத்து இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளும். ஆணவ இருளோ தான் மறைத்திருப்பதையே உயிர் உணராதபடி மறைக்கும் என்பது அதன் மையக் கருத்து.

இவ்விலக்கணத்தை ஏற்றுக்கொண்டால் ஆணவத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு என்பது புலப்படும். தானே எல்லாம் என்று தருக்குவது ஒரு முகம். தன்னால் ஒன்றும் ஆகாது, தனக்கு ஒன்றும் தெரியாது, தனக்கென்று ஒரு விருப்பமும் இல்லை என்று சுருண்டு கிடப்பது மற்றொரு முகம். பின்னதைச் சமூகம் அடக்கம் என்று புகழ்ந்து, பெண்ணின் அணிகலனாகச் சூட்டியிருக்கிறது. சாத்திரத்தின் அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்தினால், அறிவும் விழைவும் செயலும் மறைந்து கிடக்கும் அந்த நிலை, உயிர் உய்யும் வழியில் முன்னேறியதற்கு அடையாளம் ஆகாது; அது கட்டின் இறுக்கத்திற்கே அடையாளம். எனவே ஒரு பெண் கற்கத் தொடங்குவதும், தன் விருப்பத்தைச் சொல்லத் துணிவதும், தன் கையால் ஒரு செயலை முடிப்பதும் ஆணவத்தைக் கொழுக்கச் செய்வதாகக் கொள்ள இடமில்லை. அவை அந்த மலம் நெகிழத் தொடங்கியதன் குறிகள். அதே சமயம் சாத்திரகாரரும் தம் காலத்து நோக்கிலிருந்து முற்றும் விடுபட்டவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்: அதே அதிகாரத்தில் உமாபதியார் அந்த இருளையே, பலரைக் கூடியும் தன்னைக் காட்டிக்கொள்ளாத ஒரு பெண்ணாக உருவகிக்கிறார். உயிருக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை என்று கூறும் நெறி, கட்டுக்கு உருவம் தேடும்போது மட்டும் பெண்ணுருவை நாடுவது வருத்தத்திற்குரியது. கோட்பாட்டை எடுத்துக்கொண்டு உருவகத்தை விட்டுவிடும் உரிமை இன்றைய வாசகிக்கு உண்டு.

சித்தாந்தத்தின் அடுத்த கருத்து இன்னும் முக்கியமானது. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் தன் முயற்சியால் மட்டும் எழ முடியாது. அதற்கு மாயையிலிருந்து உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் வழங்கப்படுகின்றன. இவற்றைத் தனு, கரணம், புவனம், போகம் என்பர். விடியும் வரை உதவும் விளக்கைப் போல, இவை அருள் பதியும் வரை உயிருக்குச் சிறிதளவு ஒளி தந்து, பட்டறிவால் பக்குவப்பட உதவுகின்றன. அவ்வாறாயின், ஒரு பெண்ணுக்கு உலகத்தைக் காணும் வாய்ப்பையும், உடம்பின் மீதான உரிமையையும், தன் உழைப்பின் பயனை நுகரும் நிலையையும் மறுப்பது, சமூக அநீதி என்பதோடு நில்லாமல், ஓர் உயிரின் பக்குவத்திற்கு இறைவன் அளித்த கருவிகளைப் பறிப்பதாகவும் ஆகிறது. பழைய உரையாசிரியர்கள் இம்முடிவை எடுத்துரைக்கவில்லை. எனினும் அவர்கள் வகுத்த முன்மொழிகளிலிருந்து இது நேராகப் பிறக்கிறது.

மாமல்லபுரத்துக் குன்றின் மீது, கலங்கரை விளக்கத்திற்கு அருகே, மகிடாசுரமர்த்தினி மண்டபம் என வழங்கும் 7-ஆம் நூற்றாண்டுக் குடைவரையில் பல்லவச் சிற்பிகள் இக்கருத்துக்கு அண்மையான ஒன்றைக் கல்லில் வடித்திருக்கின்றனர். அம்மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில் திருமால் பாம்பணையில் அறிதுயில் கொள்ள, மது, கைடபர் என்னும் அசுரர் தாக்கக் காத்து நிற்கின்றனர். எதிர்ச்சுவரில் எட்டுக் கைகளுடன் சிங்கத்தின் மீதமர்ந்த துர்க்கை வில்லை வளைத்து முன்னேற, எருமைத்தலை கொண்ட அசுரன் கதையைப் பற்றியபடி பின்வாங்கிச் சாய்கிறான். நடுக்கருவறையின் பின்சுவரில் சிவனோடு உமை குழந்தை கந்தனுடன் வீற்றிருக்கிறாள். எதிரெதிர்ச் சுவர்களின் கதைகள் இரண்டும் 'தேவீ மாகாத்மிய'த்தில் வருபவை. அந்நூலின்படி திருமாலின் உறக்கமும் தேவியின் ஒரு வடிவமே, அவள் விலகினால்தான் அவர் விழிப்பார். உறக்கமாகவும், போராகவும், தாய்மையாகவும் ஒரே பெண்ணாற்றலை ஒரே மண்டபத்தில் வைத்த சிற்பிகள், தாயின் உருவுக்கு நடுவிடம் கொடுத்தபோதும் போர்புரியும் உருவைச் சிறிதும் குறைத்துக் காட்டவில்லை. போர் முடிந்து, எருமைத்தலை மீது தேவி அமைதியாக நிற்கும் காட்சியை இங்கே அவர்கள் வடிக்கவுமில்லை. வெற்றி இன்னும் கைகூடாத, ஆனால் எதிரியின் கால்கள் தளரத் தொடங்கிய நொடியைத் தேர்ந்தெடுத்தனர். புராணத்தில் அவள் தேவர் அனைவரின் ஒளியும் ஒன்றுதிரண்டு பிறந்தவள், அவள் கையிலுள்ள ஆயுதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேவர் தந்தவை என்பதும் கருதத்தக்கது. தேவியின் வெற்றியே பலர் தந்த கருவிகளைக் கொண்டு அமைவது என்னும்போது, மனித உயிரிடம் மட்டும் எல்லாவற்றையும் தனியாகச் சாதித்துக்கொள் என்று சொல்வது முறையாகாது.

கருவிகள் எவை, அவற்றை யார் தர வேண்டும் என்ற கேள்விக்கு, கடவுளை மறுத்த ஓர் இயக்கம் செங்கல்பட்டு நகரிலேயே விடையளித்தது. 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் ஊ.பு.அ. சவுந்தரபாண்டியன் தலைமையில் அங்கு நடைபெற்ற முதலாவது சென்னை மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்றும், எத்தொழிலையும் மேற்கொள்ள அவர்களுக்கு உரிமை வேண்டும் என்றும், பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல் உயர்த்தப்பட வேண்டும் என்றும், விரும்பாத மணத்திலிருந்து விலகவும் கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளவும் வழி வேண்டும் என்றும் தீர்மானங்களை நிறைவேற்றியது. அதே ஆண்டு நிறைவேறிய குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பொதுவழக்கில் சாரதா சட்டம், பெண்ணின் மணவயதை 14 என்றே வரையறுத்தது என்பதை நோக்க, செங்கல்பட்டில் கூடியோர் அரசை விட எவ்வளவு முன்னே சென்றனர் என்பது விளங்கும். கோதைநாயகி அம்மாள் மணமுடிக்கப்பட்ட வயதை நினைத்தால் அத்தீர்மானத்தின் எடை இன்னும் நன்றாகப் புரியும்.

பெரியாரின் இயக்கம் தன் பெயரிலேயே தாங்கியிருந்த தன்மதிப்பு என்னும் கருத்து, ஒரு பெண் கண்ணாடியின் முன் நின்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஊக்கமொழியால் விளைவதாக அங்கு எண்ணப்படவில்லை. சொத்தும் தொழிலும் மணவிலக்கும் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டால்தான் தன்மதிப்புக்கு நிலம் கிடைக்கும் என்பதே அதன் நிலைப்பாடு. சித்தாந்தி புவனம், போகம் என்று குறிப்பதைப் பகுத்தறிவாளர் சொத்து, தொழில் என்று குறித்தார் எனக் கூறினால் இருதரப்பாரும் மறுக்கக்கூடும். சித்தாந்திக்கு அவை வீடுபேற்றை நோக்கிய படிகள், பகுத்தறிவாளர்க்கு அவை தம்மளவிலேயே உரிமைகள். ஆயினும் உலகமும் நுகர்ச்சியும் இன்றி ஓர் ஆளுமை மலராது என்னும் இடத்தில் இருவரும் உடன்படுகின்றனர் என்பதை மறுக்க முடியாது.

செங்கல்பட்டிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் வரும் மேல்மருவத்தூரில், கடவுளை ஏற்றுக்கொண்ட வழியில் இன்னொரு சோதனை நடந்திருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த பங்காரு அடிகளார் (1941–2023) நிறுவிய ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் பெண்கள் கருவறைக்குள் சென்று தாமே அபிடேகமும் பூசையும் செய்கின்றனர். மாதவிலக்கு நாள்களும் அதற்குத் தடையாவதில்லை. ஊர்தோறும் அமைந்த வார வழிபாட்டு மன்றங்களில் செவ்வாடை அணிந்த பெண்கள் வழிபாட்டை முன்னின்று நடத்துகின்றனர். பூசகரின் இடையீட்டுக்காகப் பொருள் செலவிடுவதை 1929 மாநாடும் கண்டித்தது. அது கோயிலையே வேண்டாம் என்று விலக, மேல்மருவத்தூர் கோயிலை வைத்துக்கொண்டு இடையில் நிற்பவரை விலக்கியது. தீட்டு என்னும் கருத்து, பெண்ணின் உடம்பையே அவளுக்குக் குற்றமாக்கிக் காட்டும் ஒன்று. அதைக் கோயிலின் மையத்திலேயே தள்ளுபடி செய்தது, ஆயிரம் ஊக்கநூல்கள் செய்ய முடியாத உளமாற்றத்தை எளிய உழைக்கும் பெண்களிடம் ஏற்படுத்தியிருக்கிறது. அங்கும் அருள்வாக்குச் சொல்லும் பீடத்தில் அமர்ந்தவர் ஓர் ஆண் என்பதும், அடியார்கள் அவரையே 'அம்மா' என்று அழைத்தனர் என்பதும் தனியே ஆராய வேண்டிய செய்திகள். பூசை செய்யும் கை பெண்ணுடையதாகிவிட்ட பிறகு, சொல்லும் வாயும் ஒருநாள் அவளுடையதாக வேண்டும் என்பது இயல்பான அடுத்த கோரிக்கை.

இவற்றின் ஒளியில் இன்றைய தன்முன்னேற்ற நூல்களை நோக்கினால், ஒரு பெருங்குறை கண்ணுக்குப் படுகிறது. 2006-இல் வெளிவந்து தமிழிலும் பரவலாகப் படிக்கப்படும் 'தி சீக்ரெட்' போன்ற நூல்கள், எண்ணம் எதுவோ அதுவே வாழ்வாக அமையும் என்று கற்பிக்கின்றன. அதன் மறுபக்கம் கொடியது: ஒரு பெண்ணின் வாழ்வில் அமைந்த துன்பம் அனைத்தும் அவளுடைய எண்ணத்தின் பிழை என்று அது பொருள்படும். முற்பிறவி வினையால் இவள் அடிபடுகிறாள் என்று அயலார் சொன்ன பழைய கொடுமையே, எதிர்மறை எண்ணத்தால் இவள் துன்புறுகிறாள் என்று புதிய சட்டை அணிந்து வருகிறது. திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசி முடிய, 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை அவ்வூழையும் வெல்லவல்ல முயற்சியைப் பேசுவதை உரையாசிரியர்கள் பலவாறு பொருத்திக் காட்டினர். இவ்விரண்டையும் ஒருசேர வைத்த அறிவுடைமை, எல்லாம் உன் எண்ணமே என்னும் ஒற்றை வாக்கியத்தில் இல்லை. மூன்று ஆற்றல்களுள் இத்தகைய நூல்கள் விழைவை மட்டும் தூண்டி, அறிவையும் செயலுக்கான கருவியையும் வாசகியின் தலையிலேயே சுமத்திவிடுகின்றன. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதற்கு நேர்மாறாக, சிறு சேமிப்பு, கணக்கு எழுதுதல், வங்கிக்குச் செல்லுதல் ஆகியவற்றைப் பலர் கூடிக் கற்கும் பயிற்சியாக அமைந்தன. கடன் சுமை முதலான குறைகள் அவற்றிலும் உண்டு. எனினும் தனியொருத்தியின் மனவுறுதியை மட்டும் நம்பாத இந்த வழி, மண்டபத்துச் சிற்பத்தின் கருத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

1929-இல் செங்கல்பட்டில் நிறைவேறிய சொத்துரிமைத் தீர்மானம், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தால்தான் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்னும் வடிவைப் பெற்றது. அதற்குமுன் மணமான மகள்கள் அப்போதும் விலக்கப்பட்டனர். நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல் வந்தது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. இச்செய்திகள் பெண்களுக்கான ஊக்கநூல்களில் காணக்கிடைப்பது அரிது. தமிழில் இனி அத்தகைய நூல்களை எழுதுவோரும் பதிப்பிப்போரும், மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சிக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையேனும், மகளுக்குரிய பங்கு எது, அதைக் கேட்க எந்த அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும், உடன் யாரை அழைத்துச் செல்லலாம் என்பவற்றை விளக்க ஒதுக்க வேண்டும்.